எலும்புப் பசை தொடக்க விழா

மனித குலத்தின் முதுகை நிமிர்த்தும் பொறுப்பைக் கள்ளக்குறிச்சி ஏற்றுக்கொண்டது, தனி மாவட்டமான மறு வருடம், இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த மார்கழியில். அந்தப் பெருமைக்குத் தன் முதுகையே கொடுத்தவர் களமருதூர் கொளஞ்சியம்மாள்.

எலும்பு மெலிந்து பொறை ரொட்டி போலாகி, குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகில் ஒன்று நொறுங்கிவிட்டது. மூன்று மாதமாக அவரால் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட முடியவில்லை. நொறுங்கிய எலும்புக்குள் ஊசியால் பசை ஏற்றும் சிகிச்சையை, முதல் ஆளுக்கு மட்டும் இலவசமாகச் செய்வதாக ஒரு தனியார் மருத்துவமனை அறிவித்தது. பசை ஒரே ஒரு பொட்டலம்தான் வந்திருந்தது.

"கலக்கினா பத்து நிமிஷம்தாங்க. அப்புறம் கல்லாயிடும்," என்றார் டாக்டர் மாஹிரா.

"பத்து நிமிஷமே ஜாஸ்திங்க," என்றார் நிர்வாகி நாராயணசாமி. "சிறப்பு விருந்தினரே மேடையில கலக்கித் 'தொடங்கி' வைக்கிறாரு."

விருந்தினர் சின்னசேலத்து மறியலில் மாட்டி, இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். அதுவரை கொளஞ்சியம்மாள் அடுத்த அறையில் குப்புறக் கிடந்தார். பசை கலக்கப்பட்டது. கைதட்டல் அவருக்குக் கேட்டது.

அடுத்து பொன்னாடை. ரோட்டில் இருந்தவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் பங்கு கேட்டார்கள். காலத்தை உணர்ந்த நாராயணசாமி அதைப் பொன்னாடையில் அமல்படுத்தியிருந்தார். ஒவ்வொரு சாதிச் சங்கத்துக்கும் ஒன்று, மொத்தம் பதினெட்டு.

"சார், பசை எறுகிக்கினே வருது!" என்று கதவருகே வந்து கத்தினார் டாக்டர்.

"பொறுங்கம்மா. சமூக நீதி நடந்துக்கினு இருக்குது."

பதினாறாவதில் ஒரு சங்கத்தார், "அவுங்களுக்குப் பட்டு, எங்களுக்கு இன்னா நூலா?" என்று மேடை முன் உட்கார்ந்துவிட்டார்கள். பட்டு வரவழைக்கப்பட்டு, பேச்சுவார்த்தை 'சுமுகமாக' முடிந்தது.

அதன் பிறகே பசை மேடையிலிருந்து அடுத்த அறைக்கு வந்தது. டாக்டர் ஊசியை அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"வேற பொட்டலம் வருங்களா?" என்றார் கொளஞ்சியம்மாளின் கணவர் பாவாடை.

"இலவசம் மொத ஆளுக்குத்தாங்க. அதத்தான் தொடங்கி வெச்சாச்சே," என்ற நாராயணசாமி, அங்கேயே அறிக்கை வாசித்தார். 'மருந்து குறித்த நேரத்தில் இறுகியது. நோயாளி கடைசிவரை அசையவில்லை. முழு வெற்றி.'

பிறகு மைக்கைக் குனிந்து நீட்டினார். "ரெண்டு வார்த்த நன்றி சொல்லும்மா."

கொளஞ்சியம்மாள் குப்புறக் கிடந்தபடியே சொன்னார்.

"ரோட்டுல ஒக்காந்தா பேச வர்றீங்க. மேடைக்கு முன்ன ஒக்காந்தா பட்டு போத்துறீங்க. ஒக்கார முடியாதவளுக்குத்தாங்க ஒண்ணுங் கெடைக்கல."