ஆளுக்கொரு பை

காலைச் சாப்பாட்டின் நடுவில் ப்ளாகோயே எழுந்து நின்று பேசினான். உட்கார்ந்து பேசினால் அந்த வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை.

"இந்த முறை மால்மோவுக்கு ஆளுக்கொரு பை. முதுகுல மாட்டுற பை. விமானத்துல சீட்டுக்கு அடியில நுழையணும். அதுக்கு மேல ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது."

நீஷ் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் அவன். பகல் முழுக்க 'திரும்பு' என்றால் திரும்புவார்கள், 'நில்' என்றால் நிற்பார்கள். வீட்டுக்கு வந்தால் அந்த அதிகாரம் செருப்போடு வெளியே நின்றுவிடும். இருந்தாலும் இந்த முறை உறுதியாக இருந்தான். காரணம் உண்டு. போன கோடையில் விமான நிலையத்தின் நட்டநடுவில் அவர்களுடைய பெரிய பெட்டி வாயைப் பிளந்தது. பிளம் ஜாம் ஆறாக ஓடியது. அதில் அவனுடைய உள்ளாடைகள் மிதந்தன. அவன் ஃபெயில் ஆக்கிய மாணவி ஒருத்தி அதே வரிசையில் நின்றிருந்தாள். "சார், பார்க்கிங் சரியில்லையே" என்று மட்டும் சொன்னாள். மால்மோவில் இறங்கினால், அவர்களை அழைத்துப் போகச் சகலை வெலிமிர் லாரி எடுத்து வந்திருந்தான்.

இந்த முறை போவது வெலிமிரின் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு. ப்ளாகோயேதான் ஞானத்தந்தை. கௌரவப் பிரச்சினை.

மனைவி ருஷித்சா இரண்டு வயது லாசருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது நெவெனா மேசைக்கு அடியில் இருந்தாள். ஏன் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"பையை யார் கட்டுறது?" என்றாள் ருஷித்சா.

"நான்."

"வழியில பிள்ளைங்களுக்கு ஏதாவது வேணும்னா?"

"நான் பார்த்துக்கறேன்."

"நான் எதுலயும் தலையிடக் கூடாது?"

"கூடவே கூடாது."

"சரி."

இவ்வளவு சுலபமாக ஒரு 'சரி' வந்ததில் அவனுக்கு ஏமாற்றம்தான். தயாராக வைத்திருந்த பாதிப் பேச்சு வீணாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவன் பை கட்டினான். சட்டைகளைச் சுருட்டிச் சுருட்டி முறுக்கு அளவுக்குக் கொண்டுவந்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினான். தனக்கு மாற்றுடையே வேண்டாம் என்று விட்டான். பிள்ளைகளின் பனியன்களை எல்லாம் ஒதுக்கினான். குறுக்குக் காற்று அடித்தால் பிள்ளைகள் செத்தே போவார்கள் என்று நம்புகிற பெண்கள் நிறைந்த ஊரில் அது துணிச்சலான காரியம். நெவெனாவின் துணி முயலை எடுத்துப் பார்த்தான். காது நீளம். வேண்டாம் என்று அலமாரியில் வைத்தான்.

கீழ்வீட்டுத் தேசாங்கா அத்தை சர்க்கரை கேட்டு வந்தவள் இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னடா இது?"

"பை, அத்தை."

"பை, பைன்னு ஒரு வாரமா இதே பேச்சு. பைத்தியம் பிடிச்சிருக்கா?"

அவன் சிரித்துக்கொண்டான். அவளும் மகனைப் பார்க்க மால்மோவுக்குத்தான் போகிறாள், ஆனால் பஸ்ஸில். பழைய காலத்து மனுஷி, பெட்டி படுக்கையோடு போவாள் என்று நினைத்துக்கொண்டான். அந்த நாட்களில் ருஷித்சா நிரம்பி வழியும் துணிக்கூடையோடு கீழே போவதும், வெறும் கூடையோடு மேலே வருவதுமாக இருந்தாள். துணி துவைக்கும் மெஷின் ரிப்பேர், அத்தை வீட்டில் துவைக்கிறேன் என்றாள். நம்பினான். கண்ணாடியில் பின்னால் பார்க்கச் சொல்லி ஊருக்கே சொல்லிக்கொடுப்பவன், வீட்டில் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் ஆளுக்கொரு பையோடு நடந்தபோது ஏதோ படையை ஜெயித்தவன் போல இருந்தது அவனுக்கு. பைகள் சீட்டுக்கு அடியில் வெண்ணெயாக வழுக்கி நுழைந்தன. நடைவழிக்கு அந்தப் பக்கத்து சீட்டில் ருஷித்சா உட்கார்ந்து, தடியான துப்பறியும் நாவல் ஒன்றைப் பிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் புத்தகம் பிரித்து அவன் பார்த்ததே இல்லை.

விமானம் மேலே ஏறியதும் நெவெனா ஆரம்பித்தாள்.

"அப்பா, என் முயல் எங்க?"

"முயல் வீட்டைக் காவல் காக்குது, கண்ணு."

"தனியாவா?"

"தைரியமான முயல்."

"இருட்டுல அது அழும்."

முயலுக்குப் பதில் அவளே அழுதாள். துணைக்குத் தம்பியும் அழுதான். ப்ளாகோயே தன் காலுறை ஒன்றைக் கழற்றி, முடிச்சுப் போட்டு, முயல் என்றான். நெவெனா முகர்ந்து பார்த்தாள். அழுகை இன்னும் ஏறியது.

பின் சீட்டு அம்மாள் தலையை நீட்டினாள். "தம்பி, குழந்தைக்குப் பனியன் போடலையா? மேலேயிருந்து காத்து நேரா நெஞ்சுல அடிக்குது."

"பனியன் இல்லைம்மா."

"இல்லையா?" அவள் பக்கத்து அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் அதற்கும் பக்கத்தில் சொன்னாள். விமானமே அவனை ஒரு மாதிரி பார்த்தது. அவன் தன் சட்டையைக் கழற்றி லாசருக்குச் சுற்றினான். லாசர் அந்தக் கதகதப்பில் சொக்கி, குடித்த செர்ரிச் சாறு முழுவதையும் அப்பாவின் மடியிலேயே திருப்பிக் கொடுத்தான்.

ப்ளாகோயே நடைவழியின் குறுக்கே பார்த்தான். "ருஷித்சா."

"தலையிடக் கூடாதுன்னு சொன்னியே, ப்ளாகோ." அவள் பக்கத்தைப் புரட்டினாள். "இப்பத்தான் கொலைகாரன் யாருன்னு தெரியப் போகுது."

இறங்கும்போது அவனிடம் ஒற்றைக் காலுறையும், போட்டிருந்த பனியனும், கருஞ்சிவப்பில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு கால்சட்டையும் இருந்தன. வெலிமிர் மேலிருந்து கீழாகப் பார்த்தான். "சகலை, வழியில கொள்ளை போயிடுச்சா?"

"நாளைக்கு ஞானத்தந்தையாக இந்தக் கால்சட்டையோடா நிற்பது?" என்ற நினைப்பிலேயே ப்ளாகோயே சகலை வீட்டுப் படியேறினான். உள்ளே போனால், நடையில் சுவரோடு சுவராகப் பெட்டிகள். அவன் வீட்டுப் பெட்டிகள். நடுவில் தேசாங்கா அத்தை காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடா, பைக்காரா" என்றாள்.

ருஷித்சா ஒரு பெட்டியைத் திறந்தாள். மேலாக முயல் இருந்தது. அதற்குக் கீழே பனியன்கள், ஐவர் என்கிற குடைமிளகாய்த் தொக்கு பாட்டில்கள், அதற்கும் கீழே அவனுடைய கறுப்பு கோட்டும் கால்சட்டையும். இஸ்திரி மடிப்பு கலையவில்லை. கோட்டுப் பையில் காலுறைகூடச் சுருட்டி வைத்திருந்தாள்.

கோபப்பட வேண்டும் என்று அவன் நினைத்தான். கோட்டைப் பார்த்தால் கோபம் வரவில்லை. மறுநாள் தேவாலயத்தில் குழந்தையை ஏந்திக்கொண்டு அவன் நின்ற அழகைப் பார்த்து ருஷித்சாவே அவன் கழுத்துப்பட்டையை இன்னொரு முறை சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் செய்தாள்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அவள் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ப்ளாகோ, அத்தை இலையுதிர் காலம் வரைக்கும் மகன் வீட்டுலயே இருக்காங்களாம்."

"இருக்கட்டுமே."

"பெட்டிங்க?"

"பஸ்ல போட்டு அனுப்பு."

"டிரைவர்கிட்ட கேட்டேன். ஆளில்லாத பெட்டியை எல்லையில விடமாட்டாங்களாம். கூட ஒருத்தர் வரணுமாம்."

ப்ளாகோயே காப்பியைக் கீழே வைத்தான். "பிள்ளைங்களை விமானத்துல நீ தனியா எப்படி..."

"எனக்கென்ன கஷ்டம்? ஆளுக்கொரு பை. நீதானே கத்துக்கொடுத்தே." அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். "வழிக்குச் சாப்பாடு கட்டி வச்சிருக்கேன்."

ஹங்கேரி எல்லையில் பஸ்கள் வால் நீண்டு நின்றன. பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். அதிகாரி ஒவ்வொன்றாகத் திறந்தார். பெண்கள் உடை, பொம்மை, சாக்லேட், மறுபடியும் பெண்கள் உடை. "எல்லாம் உங்களுதா?" என்றார். ப்ளாகோயே பெட்டிகளுக்கு நடுவில் பெட்டிப் பாம்பாக நின்று தலையாட்டினான். அப்போது போன் அடித்தது. ருஷித்சா. வீட்டிலிருந்து.

"வந்து சேர்ந்துட்டோம். உன் சீட்டுல நெவெனா காலை நீட்டித் தூங்கினா. ஒரு தொந்தரவும் இல்லை." அவள் குரல் குழைந்தது. "நீ சொன்னது அத்தனையும் நிஜம், ப்ளாகோ. சுமையை எல்லாம் விட்டுட்டு வந்தா, பயணம் எவ்வளவு சுகமா இருக்கு."