வெர்னியர் கண்டுபிடித்த நெற்றிக்கண்

ஓசூரில் எத்தனை தொழிற்சாலை இருந்தாலும், அளக்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்வார். அதுவும் ஒருமுறையோடு நிறுத்த மாட்டார்.

வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர், நான் ஸ்டோர்ஸ். ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வாடகை வீடு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் வெர்னியர் என்கிற இரும்பு அளவுகோல் எந்நேரமும் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்ததால், 'வெர்னியர்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

மெஸ்ஸில் இட்லி வந்தால் முதலில் தடிமன் பார்ப்பார். "நேத்து இட்லியவிட மெலிசா இருக்குதுங்களே, தட்டு தேஞ்சிப்போச்சா?" என்று மெஸ்காரரைக் கேட்பார். இன்னொரு பையில் இரண்டு சுருள் ஸ்டிக்கர். பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ரிஜெக்ட். பர்கூருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜித் தட்டில் சிவப்பை ஒட்டிவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தம் ஏன் நின்றுபோனது என்று அவருக்கு வெகுநாள் புரியவே இல்லை. "பொண்ணுக்குப் பச்சைதான்யா ஒட்டலாம்னு இருந்தேன்" என்று என்னிடம் புலம்புவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் செல்வி அக்காவின் பிழைப்பு வந்து மாட்டியது.

செல்வி அக்கா எங்கள் காம்பவுண்டின் கடைசி வீடு. பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டி, பாலிஷ் போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்துத் தனி ஆளாக மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாடியில் ஹவுஸ் ஓனரம்மா. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய் கட்டிய முகூர்த்தப் பட்டை நலங்கன்று மகள் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். அந்தப் பட்டுதான் குஞ்சம் கட்ட அக்காவிடம் வந்தது. அக்கா முந்தானையை மட்டும் பிரித்துக் குஞ்சம் கட்டித் திருப்பிக் கொடுத்தார். மாடியில் முழுதாகப் பிரித்துப் பார்த்தால் உடலெல்லாம் ஓட்டை.

"நோடம்மா செல்வி, இங்க பாரு! என் கல்யாணத்துலேர்ந்து பீரோல பத்திரமா இருந்த புடவை. உன் கைக்கு வந்து ரெண்டே நாளு. இஸ்திரிப் பொட்டிதானே சுட்டுச்சு? இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடு" என்று ஓனரம்மா மாடிப்படியில் நின்று கத்தியது தெரு முனை வரை கேட்டது.

"பொட்டி சுட்டா கருகும்மா. இதுல எங்கம்மா கருகல் இருக்குது?" என்று அக்கா அழுதார். வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். பட்டைப் பாழாக்கியவள் என்று பேச்சு பரவிவிட்டால் ஓசூரில் யார் அவரிடம் புடவை கொடுப்பார்கள்?

வெர்னியர் லென்ஸோடு மாடி ஏறினார், பின்னால் நான். ஓட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தும் பார்த்தார். "சுட்ட ஓரம் கெட்டியா இருக்கும். இது கடிச்ச ஓரம்" என்றார். மடிப்புக்குள்ளிருந்து முடி முளைத்த சின்னத் தோல் ஒன்றை இடுக்கியால் எடுத்தார். "ஏதோ பூச்சி சட்டை உரிச்சிருக்குதும்மா. பீரோவைக் கொஞ்சம் தெறங்க."

"அது அவ கட்டின குஞ்சத்துப் பிசிறு. தாலி வெக்கிற பீரோ தம்பி அது, கண்டவங்க கை வெக்கக் கூடாது" என்று ஓனரம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

பீரோவை ஒட்டி ஒரு ஜன்னல். வெளியே சாமந்தித் தொட்டிகள் வரிசையாகப் பூத்திருந்தன. ஜன்னல் கட்டையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று அசையாமல் கிடந்தது. வெர்னியர் அதைத் தீப்பெட்டிக்குள் தள்ளினார். "நாளைக்கு ரிசல்ட்டோட பேசறேன்" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். சூப்பர்வைசர் கேன்டீனுக்குப் போனதும் இருவரும் தர அறைக்குள் நுழைந்தோம். சின்ன உருப்படியை வைத்தால் அதன் நிழலைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் புரொஜெக்டர் அங்கே உண்டு. பல்சக்கரத்தின் பல்லைச் சோதிக்கிற அந்த மேடையில் வெர்னியர் பயபக்தியோடு பூச்சியை வைத்தார். நான் ஓனரம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். செல்போன் திரையில் ஒரு பக்கம் ஓனரம்மா, தள்ளி அக்கா. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கறுப்பு நிழல் விழுந்தது. அவ்வளவுதான்.

"கொம்பு இல்ல. காலும் இல்ல" என்று சத்தமாக வாசித்தார் வெர்னியர். "இது பூச்சியே இல்லீங்க. ஏதோ விதை."

பல்சக்கரம் பார்த்தே பழகிய மனிதர். நிழலில் தெரியாத பாகம் உருப்படியில் கிடையாது என்பது அவர் தொழில் தர்மம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "கேட்டியா செல்வி? விதையாம்!" என்றார் ஓனரம்மா. அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

வெர்னியருக்கு வேர்த்துவிட்டது. "இருங்க, மேல் லைட்டையும் போட்டுடறேன்" என்று அவசரமாக இன்னொரு சுவிட்சைத் தட்டினார். நிழல் போய் நிறம் வந்தது. விதையின் முதுகில் வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடிச் செதில்கள், கலர் கோலமாவைத் தூவிய மாதிரி. விளக்கின் சூடு ஏற ஏற அந்த விதை மெதுவாக ஒரு காலை நீட்டியது. பிறகு இன்னொன்று. மார்பின் பள்ளத்தில் மடக்கி ஒளித்து வைத்திருந்த கொம்புகள் இரண்டும் வெளியே வந்தன, முனையில் குண்டு குண்டாக!

"அய்யோ, விதை நடக்குதே!" என்று ஓனரம்மா போனிலேயே அலறினார்.

"செத்த மாதிரி நடிச்சிருக்குதுய்யா! என்னையே ஏமாத்திடுச்சு!" என்று வெர்னியர் குதித்தார். வண்டு தலையைத் தூக்கியது. பக்கத்துக்கு ஒரு கண். நடுநெற்றியில் பளபளவென்று இன்னொரு குட்டிக் கண். "நெத்திக்கண்ணு! யோவ், நெத்திக்கண்ணு இருக்குதுய்யா!" தோலைப் பார்த்ததிலிருந்து போனில் அவர் படித்துத் தள்ளியதெல்லாம் அருவியாகக் கொட்டியது. "கார்ப்பெட் வண்டுங்க இது. செதில் சரி, கொம்பு சரி, நெத்திக்கண்ணு சரி. சின்னதுல முடி வச்ச புழு, பட்டத் தின்னும். பெரிசானா பூவுக்குப் போய் மகரந்தம் தின்னும். ரெண்டு வயசுலயும் கல்யாண வீட்டுச் சாப்பாடுதான். அம்மா, உங்க சாமந்திய உதறிப் பாருங்க!"

ஓனரம்மா ஒரு பூவைப் பறித்து உதறினார். உள்ளங்கையில் அதே மாதிரி வண்டுகள் விழுந்து, விழுந்ததுமே செத்த மாதிரி கிடந்தன. அடுத்த நொடி பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. போன் ஆடியது, புடவைகள் பறந்தன. அக்காவின் கையே படாத மாம்பழக் கலர் பட்டில் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் முடி சிலிர்த்த ஒரு புழு.

ஓனரம்மா அந்தப் பட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"செல்வி, தப்பா பேசிட்டேன்மா. நீ எங்கயும் போவேணா" என்றார் ஓனரம்மா. கத்திய அதே மாடிப்படியில் நின்று அன்று சாயங்காலமே தெருவுக்குக் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னார். அக்கா ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஜரிகையில் ஒரு பூ தைத்தார். நலங்குக்கு வந்த பெண்கள் மணப்பெண்ணை விட்டுவிட்டு அந்தப் பூ யார் கைவேலை என்றுதான் விசாரித்தார்கள்.

மிச்ச நூலில் வெர்னியரின் யூனிபார்ம் பையின் மேல் அக்கா மூன்று நிறத்தில் ஒரு வண்டு தைத்துக் கொடுத்தார். வெர்னியர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நெத்திக்கண்ண விட்டுட்டீங்களேக்கா. ரிஜெக்ட்" என்று சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்துக் கறுப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். அந்தச் சட்டையை வெர்னியர் சாயம் போகும்வரை போட்டார்.

இப்போது அவர் வேறு ஊர் தொழிற்சாலைக்கு மாறிவிட்டார். அக்கா அதே வீட்டில் இருக்கிறார், வாசலில் புடவைப் பைகள் குவிந்திருக்கின்றன. நான் சாமந்தி வாங்கும்போது பூவுக்குள் ஒரு வண்டு செத்த மாதிரி கிடந்தால் தட்டிவிடுவதில்லை. அது கொம்பை நீட்டும்வரை காத்திருந்து, படம் எடுத்து வெர்னியருக்கு அனுப்புகிறேன்.

"போகஸ் சரியில்ல. ரிஜெக்ட்" என்று உடனே பதில் வந்துவிடும். அந்தப் பதிலுக்காகத்தான் அனுப்புகிறேன்.