பல் வைத்தியத்தில் ஒரு ராணி

வேலை தேடிப் போகிறவர்கள் தங்களுக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் மிகத் துணிச்சலாகப் பேசுவார்கள். நானும் பேசினேன். அதுவும் தெலுங்கில், மடை திறந்த மாதிரி.

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டிருந்தது. ஆனால் எல்லை எது என்று முடிவாகவில்லை. எங்கள் புத்தூர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் தினமும் ஒரு தீர்ப்பு சொல்வார்கள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். என் நைனாவின் தீர்ப்பு மட்டும் மாறவே இல்லை.

"நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம்தான்டா போவப்போவுது. தெலுங்கு எழுத்தக் கத்துக்கினு இன்னா பண்ணப்போற?"

என் எதிர்காலத் திட்டம் மொத்தமும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. கடைத்தெருவில் தெலுங்கில் பேரம் பேசுவேன், தெலுங்கில் சண்டை போடுவேன், தெலுங்கிலேயே சமாதானமும் ஆவேன். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. (பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தன் பெயரை எழுதி வைத்தபோது, கோலம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவன் நான்.)

சென்னையில் நூலகப் பயிற்சி முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு, சித்தூரில் ஒரு நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கிடைத்தால் நாள் முழுக்கப் புத்தகங்களோடு வேலை. கிடைக்காவிட்டால் பங்காருபாளையத்தில் மாமாவின் மாங்காய் மண்டி. எனக்குப் புத்தகம் என்றால் உயிர், மாங்காய் என்றால் ஊறுகாய் வரைக்கும்தான். பஸ்ஸில் உட்கார முடியாமல் சித்தூர் வரை நின்றுகொண்டே போனேன். அவ்வளவு பரபரப்பு!

அங்கே என்னைத் தவிர வந்திருந்தவர் ஒரே ஒருவர், திருத்தணிக்காரர் ஏகாம்பரம். நூலகக் குழுத் தலைவர் இருவரையும் சேர்த்தே விசாரித்தார். நான் தெலுங்கில் பொழிந்து தள்ளினேன். ஏகாம்பரமும் சளைக்கவில்லை. எழுதப் படிக்க வருமா என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். தலைவருக்கு ஏக சந்தோஷம். புதிதாக வந்த தெலுங்குப் புத்தகக் குவியலைக் காட்டி, பொருள்வாரியாக ஆளுக்கு ஓர் அலமாரியில் அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

ஒரு புத்தகத்தின் தலைப்பும் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் படித்தவன் அல்லவா, அட்டைப் படத்தை வைத்து அடுக்க ஆரம்பித்தேன். தேர் போட்ட புத்தகம் போக்குவரத்துக்குப் போனது. கன்னத்தில் கைவைத்தபடி அழுகிற பெண் பல் வைத்தியத்துக்குப் போனாள். படமே இல்லாதவை தத்துவம். (தத்துவத்துக்கு யார் படம் போடுவார்கள்?)

ஏகாம்பரம் படு வேகமாக அடுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் அவரும் தேரைப் போக்குவரத்தில்தான் வைத்திருந்தார். அப்பாடா, சரியான வழியில்தான் போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நன்றி சொல்கிற மாதிரி அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என் காதருகே வந்தார்.

"நீங்க வெக்கறதப் பாத்துதாங்க நானும் வெச்சிக்கினு வரேன்."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். என் பல் வைத்தியப் பகுதியிலிருந்து அந்தப் பெண்ணை உருவி நீட்டினார்.

"இதி சதுவு பாபு."

படி என்கிறார். கண்ணாடியை ஊரில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். பாவம், நல்ல மனுஷர். தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார். சோடாப் புட்டிக் கண்ணாடி அது. அதுவரை எழுத்துதான் தெரியவில்லை, இப்போது புத்தகமே தெரியவில்லை. இனி என்ன இருக்கிறது என்று, "பற்களைப் பாதுகாப்பது எப்படி?" என்று தெலுங்கில் கணீரென்று வாசித்தேன்.

அது, புருஷனைப் பிரிந்த ஒரு ராணியின் சோகக் காவியமாம்.

தலைவர் சிரித்த சிரிப்பில் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். போக்குவரத்து மொத்தமும் அவர் தலையில் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் இருவரில் முதலில் எழுத்துக் கற்றுக்கொண்டு வருகிறவருக்கே வேலை என்றார். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! படியிறங்கும்போதே எதிர்க்கடைப் பலகையை எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஏகாம்பரம் தன் ஊர் மெட்ராஸ் பக்கம்தான் என்று நம்பிக் காத்திருந்தார். நம்பியபடியே திருத்தணி போனது, அவருக்கும் அங்கே ஒரு நூலகம் கிடைத்தது. புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அதற்குள் நான் சித்தூர் நூலகராகித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நைனா மட்டும் எல்லைக்காரர்கள் கணக்கில் தப்பு செய்துவிட்டார்கள் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பல்வலிக்கு அனுதாபமே கிடைப்பதில்லை. போன வாரம் கடைவாய்ப் பல்வலி உயிரை எடுக்க, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். என் மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அம்மா, நீ வீட்லதான இருக்கற? நைனா உன்னப் பிரிஞ்சி அழுதுக்கினு கீறாரு."