மண் பரீட்சையில் முதல் மார்க்

மண்வள ஆபீசில் தனி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் என் மூத்த பேத்திக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் அந்த ஐந்திலும் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத உன் பாட்டி எழுதுவது. இங்கே உன் தாத்தா சுகம், மாடு சுகம், கோழிகூட சுகம். நிலம்தான் சுகமில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் தாத்தா காது கேட்காதவர் போலவே இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார்.

விஷயம் இதுதான். புதன்கிழமை பெரிய ஆபீசரையும் வெளியூர் விவசாயிகளையும் வேனில் கூட்டிவந்து, "இதுதான் எங்க பாட்டி நிலம், மண்ணை எப்படிக் காப்பாத்தி வச்சிருக்காங்க பாருங்க"ன்னு காட்டப்போறதா சொன்னே. வராதே கண்ணு. வேன் பஞ்சர்னு சொல்லு, பாட்டி படுத்துட்டான்னு சொல்லு, எதையாவது சொல்லு. அவர் நம்ம வயல்ல கால் வச்சா ஷூ புதைஞ்சு புழுதியில மூடிடும். அப்புறம் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை.

போன மாசம் உங்க ஆபீஸ் ஆள் வீட்டுக்கு ஒரு துணிப்பையைக் கொடுத்து, "வயல்ல அங்கங்க தோண்டி மண்ணைக் கலந்து கொடுங்கம்மா, பரிசோதனை பண்ணணும்"னார். பரிசோதனைன்னா பரீட்சைதானே. நம்ம பேர் எழுதின பையில நம்ம மண்ணைப் போட எனக்கு மனசு வரலை. உங்கப்பன் வருஷா வருஷம் ஒரே பயிரைப் போட்டான், விளைச்சல் குறையக் குறைய உர மூட்டையை ஏத்தினான், செங்கல் சூளைக்காரன் கேட்டான்னு மேல்மண்ணை லாரியில வழிச்சுக் கொடுத்தான். நான் மட்டும் என்ன, வயல் சுத்தமா இருக்கணும்னு அறுப்பு முடிஞ்ச கையோட அடித்தாளைக் கொளுத்தினவ, நிழல் விழுதுன்னு வரப்போர மரத்தையெல்லாம் வெட்டச் சொன்னவ. இப்போ காத்தடிச்சா நிலமே கிளம்பி வீட்டுக்குள்ள வந்து அலமாரியில உட்காருது. காலையில கூட்டி முறத்துல அள்ளி வயல்ல கொட்டறேன், சாயங்காலம் திரும்பி வந்துடுது.

வரப்புக்கு அந்தப் பக்கம் உன் சின்னப் பாட்டி வயல். என் ஓரகத்தியைத்தான் உனக்குத் தெரியுமே, சோம்பேறி. தாளை அப்படியே மக்க விடுவா, நடுவுல பயறைத் தூவி விடுவா, வேலியோரம் காடா கிடக்கும். "இது வயலா, குப்பைமேடா"ன்னு நான் கேட்காத நாள் இல்லை. ஆனா கையில எடுத்தா அவ மண்ணு பொலபொலன்னு உதிரும். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுச் சாஞ்ச நேரமாப் பார்த்துப் போய், அவ வயல்ல தோண்டி என் பையை நிரப்பிட்டேன். ஒரு மண்புழுவும் கூட வந்துடுச்சு. அதைத் திருப்பி விட்டுட்டேன், நான் ஒண்ணும் திருடி இல்லை.

கெட்டுப்போன நிலத்துக்குத்தான் அரசாங்கம் கைகொடுக்கும்னு எனக்கு எங்கே தெரியும். மூணு வருஷம் கொளுத்த மாட்டேன், மேல்மண்ணை விக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டா மண்ணைப் போர்த்தி வைக்கிற மூடுபயிர் விதை, மரக்கன்னு, மழைத்தண்ணி நிக்க வரப்பு எல்லாம் கிடைக்குமாம். அந்த ஆள் சொல்லித்தான் இருப்பார், நான் மார்க்கையே நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன். முதல் மார்க் வாங்கின எனக்கு ஒரு பாராட்டுத்தாள். உன் தாத்தா அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கார். அது மேலயும் புழுதி. இன்னொரு பெருமழை பெஞ்சா மிச்ச மண்ணும் வாய்க்கால்ல போயிடும் கண்ணு, அப்புறம் உன் தம்பி எதுல விதைப்பான்.

நீ நல்லா இருக்கணும், உன் மேசை இன்னும் பெரிசாகணும், நேரத்துக்குச் சாப்பிடணும். இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கொளுத்திவிடு.

இப்படிக்கு,
வெளியே தலைகாட்ட முடியாத உன் பாட்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உன் சின்னப் பாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். "அக்கா, என் மண்ணு செத்த மண்ணுன்னு ரிசல்ட் வந்திருக்கு. உதவிக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. எவ்வளவு அவமானம்."

"உன் மண்ணா? அது எப்படிடி செத்திருக்கும்?"

"என் மண்ணு இல்லக்கா. உங்க வயல் கண்ணாடி, என் வயல் குப்பைன்னு தினமும் சொல்வீங்களே. அதை நம்பி மத்தியானமா உங்க வயல்ல தோண்டி என் பையில போட்டேன்."

நான் அவ வயல்ல குனிஞ்சிருந்த அதே நேரம் அவ என் வயல்ல குனிஞ்சிருக்கா. நடுவுல அவளோட வேலிக் காடு மறைச்சிடுச்சு. எடுத்தாலும் என் மண்ணைத்தான் எடுக்கணும்னு அவளுக்குத் தோணியிருக்கு பாரு, அது போதும் எனக்கு.

அதனால மேலே எழுதினது எதையும் எடுத்துக்காதே. புதன்கிழமை தாராளமா வா. வேனை அவ வயல் பக்கம் நிறுத்து, நான் அங்கே நிப்பேன். அவ பேர்ல வர்ற விதையும் கன்னும் இந்தப் பக்கம் இறங்கட்டும், அவ இங்கே நிப்பா. கையெழுத்து அவளோடது, கொளுத்தாம இருக்க வேண்டியது நான்.

ஆகவே இந்தக் கடிதத்தையும் கொளுத்த வேண்டாம். கிழிச்சு உரக்குழியில போடு.