ரொக்ஸ்பரோவில் குமுறிய எரிமலை

எரிமலையைக் கண்காணிப்பவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். மொன்றியலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் என்னிடம் அதைத் தவிர மற்றெல்லாத் தகுதியும் இருந்தது.

சிலி நாட்டு எரிமலை ஒன்றில் பொருத்தவேண்டிய நில அதிர்வுமானியை, அனுப்புமுன் அமைதியான இடத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தார்கள். நகரின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டு பேஸ்மென்டைவிட அமைதியான இடம் உண்டா? படிக்கட்டுக்குக் கீழே வைத்து இணையத்தோடு இணைத்தேன். மேதாவியல்லவா, கருவிக்கு எரிமலையின் பெயரையும் அப்போதே பதிந்துவிட்டேன். (பேந்து மாத்துற வேலை மிச்சமாம்!)

அந்த ஞாயிறு அக்கா மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை கொடுக்கும் சடங்கு. பூசை முடிந்து வீட்டுப் பின்வளவில் விருந்து. நான் சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அலறியது. திரையில் எரிமலை அதிர்ந்துகொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த, சீரான, விடாத அதிர்வு!

உடனே பேராசிரியர் அழைத்தார். "நீ என்ன நினைக்கிறாய்?"

"சந்தேகமே இல்லை, மாக்மா மேலே வருகிறது," என்றேன், எண்ணெய்க் கரண்டியும் கையுமாக.

அவர் சிலிக்குச் சொன்னார். அங்கே மலையடிவார மக்களை வெளியேற்றப் பேருந்துகள் தயாராகின. நான் தலைவாரிக்கொண்டேன். (ரீவிக்காரர் வந்தாலும் வருவினம்.)

திடீரென்று அதிர்வு நின்றது. பிறகு தொடங்கியது. மறுபடி நின்றது. எரிமலைக்கு மூச்சு வாங்குகிறதோ என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்கையில், அக்கா வியர்த்து வழிந்தபடி தண்ணீருக்கு வந்தாள்.

"எங்க எல்லாரும்?" என்றேன்.

"வெளியில மழையெல்லோ? கீழ பைலாப் பாட்டுப் போட்டு ஆடுகினம். நீயும் வாவன்."

படிகளில் நான் இறங்கவில்லை, உருண்டேன். கீழே, அம்மாவின் தம்பியான என் மாமா, தன் முழு உடம்பையும் கருவிக்குப் பக்கத்தில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பாட்டு நின்றது. சிலியில் எரிமலையும் அடங்கியது.

பேராசிரியரை அழைத்தேன். "பேருந்துகளை நிறுத்தச் சொல்லுங்கள். அது எரிமலை இல்லை."

"பிறகு?"

"என் மாமா."

நல்லவேளை, யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கவில்லை. நான்தான் நாட்டைவிட்டுக் கிளம்பலாமா என்றிருந்தேன்.

எரிமலையென்று ஏமாற்றும் அதிர்வுகளுக்கு உதாரணமாக அந்தப் பதிவைத்தான் இன்றும் எங்கள் துறையில் புது மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள். அம்மாவோ பூசை முடிந்து கோயில் வாசலில் அகப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "என்ர தம்பி ஆடினதை யூனிவர்சிட்டியில படிப்பிக்கினம். இவள் இவ்வளவு படிச்சும் அந்தளவுக்கு வரேல்லை."