உங்கள் தங்கைக்குத் தெரியக் கூடாத குதிகால்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டில் உள்ள அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் சுகம்தான், இடது குதிகாலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் ஒரு வேண்டுகோள். கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூட உங்கள் தங்கை காதில் விழக் கூடாது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது. அதனால்தான் தபால்.

அவள் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாவது மாதம் நடக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். "சிகரெட்டா, நானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாள். நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்தப் பதில்தான் தப்பு என்று நீங்களும் சொன்னீர்கள். மச்சான், நான் சத்தியமாக யோசிக்கத்தான் நினைத்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் பையைக் கட்டிவிட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் நான் ஹாலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு புகை விட்டிருக்கலாம். விட்டும் பார்த்தேன். ஏசுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் அது ருசிக்கவில்லை. ஆகையால் பழையபடி சாயங்காலமானால் ஏணி போட்டு குளியலறைக் கூரையில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கித்தான் பிடித்து வந்தேன். யாருக்குப் பதுங்குகிறாய் என்று கேட்காதீர்கள். அப்படிப் பதுங்கியிருந்த ஒருநாள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வந்துட்டா என்று நினைத்ததுதான் தெரியும். சிகரெட்டைத் தொட்டிக்குள் போட்டேன், ஏணி முன்பக்கம் இருந்ததால் அவள் கண்ணில் படாமல் பின்பக்கம் இறங்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் மாதிரி நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டுக் குதித்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக இத்தனை வருடம் எத்தனையோ மாடி உயரத்தில் லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை பார்த்தவன், ஒருநாளும் விழாதவன், சொந்தக் குளியலறைக் கூரையிலிருந்து சிமெண்டுத் தரையில் இரண்டு குதிகாலும் படக் குதித்தேன். வலதுகால் தாங்கியது, இடதுகால் கைவிட்டது. பயத்தில் குதித்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை மச்சான், அத்தனை சந்தோஷம் எனக்கு.

வந்தவர் கேஸ் சிலிண்டர்காரர்.

"காலி சிலிண்டரை எடுக்கத்தானே சார் வந்தேன்" என்று புலம்பிக்கொண்டே அவர் என்னைத் தூக்கித் தோளில் போட்டார். அந்த மனிதருக்குத் தூக்குவதற்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கி வைத்தபோது பழக்கதோஷத்தில் லேசாக உருட்டவும் பார்த்தார். எலும்பு டாக்டர் காலைப் பார்த்தார், கூடவே இடுப்பையும் முதுகையும் அழுத்திப் பார்த்தார். உயரத்திலிருந்து விழுந்தால் அடி அங்கேயும் ஏறியிருக்குமாம். நல்லவேளை, ஏறவில்லை. "எதுக்குக் குதிச்சீங்க?" என்று கேட்டார். "மனைவி வந்துட்டாங்கன்னு நினைச்சு டாக்டர்" என்றேன். அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் கூரையைப் பார்த்தாள். "யார் வீட்டுல?" என்றார் மெதுவாக. "எங்க வீட்டுலதான் டாக்டர்!" என்று நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பெயர்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குதிகால் எலும்பு பல துண்டாக நொறுங்கி, உயரம் குறைந்து, அகலம் கூடியிருந்தது. துண்டுகளைத் தூக்கி நிறுத்தி, தகடு வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்றார் டாக்டர். போடுங்கள் என்றேன். போட முடியாதாம். "வீக்கத்துல தோல் பளபளன்னு இழுத்துக்கிட்டு நிக்குது. இப்பக் கத்தி வெச்சா தையல் சேராது. வீக்கம் வடிஞ்சு தோல்ல சுருக்கம் விழணும், அப்புறம்தான் ஆபரேஷன்." முகத்தில் சுருக்கம் விழுந்துவிடுமோ என்று நான் ஒளித்து வைத்துத் தடவும் க்ரீமை எடுத்துக்காட்டி உங்கள் தங்கை எத்தனை தடவை சிரித்திருக்கிறாள்! அப்படிப்பட்டவன் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சுருக்கம் வா வா என்று தவம் கிடந்தேன். தினமும் காலையில் டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார். சிலிண்டர்காரரும் வீடுவீடாகச் சிலிண்டர் போடப் போகிற வழியில் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் ஒருநாள் அவர்தான் முதலில் கண்டார். "சார், சுருங்கிருச்சு சார்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். எல்லோரும் வந்து என் காலைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "சிகரெட் உண்டா? இன்னியோட விட்டுரணும். பிடிச்சீங்கன்னா தையல் ஓரம் கறுத்து அழுகிடும்." யோசிச்சுச் சொல்றேன் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அன்றோடு விட்டது விட்டதுதான். இதையும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது லிஃப்ட் நடுவில் நின்றது. ஸ்டிரெச்சரில் படுத்தபடியே "கதவு காண்டாக்ட் போயிருக்கு, மேல் மூடியைக் கழட்டுங்க" என்று நான் அதிகாரமாகச் சொல்ல, வார்டு பாய் மூடியைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால், என் ஸ்டிரெச்சரின் கைப்பிடிதான் நிறுத்தும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கேயே மானம் போய்விட்டது. உள்ளே முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போக வைத்தார்கள். குதிகாலின் வெளிப்பக்கம் வளைத்துக் கீறி வேலை நடந்தது. டிரில்லிங் சத்தம் கேட்டதும் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "ஸ்குரூ லூஸாகாம ஸ்பிரிங் வாஷர் போடுறீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். "இவருக்குத் தூங்க ஒரு ஊசி போடுங்க" என்றார்.

அந்த ஊசியால்தான் வம்பு வந்தது. உங்கள் தங்கையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "இந்தாம்மா"தான். மயக்கம் தெளிகிற வரைக்கும் வார்டில் "இந்தாம்மா, இந்தாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். கூப்பிடும்போதெல்லாம் நர்ஸ் ஓடி வந்திருக்கிறாள், கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்திருக்கிறாள், பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம் என்ன வேணும் என்று கேட்டு வாயில் தண்ணீர்கூட விட்டிருக்கிறாள். நர்ஸ் பிற்பாடு சொன்னாள்: "எத்தனை பேரு வந்தோம் சார், ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்துட்டு, 'நீ இல்ல'ன்னு சொல்லிட்டீங்க." கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். இன்னும் மூன்று மாதம் அந்தக் கால் தரையில் படக் கூடாது. சக்கரம் வைத்த நாற்காலியில் உருண்டு உருண்டு சமையலறை வரை போய்விடுகிறேன். சமையலறை நிலைப்படியை நாற்காலி தாண்டாது. அங்கிருந்தே எட்டிப் பார்த்து, அவள் அடுக்கி வைத்த டப்பாக்களில் எது உப்பு, எது சர்க்கரை என்று யூகித்துக்கொள்கிறேன். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது. சிலிண்டர்காரர் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். நன்றாகத்தான் போடுகிறார். ஆனாலும் எனக்கு அவள் வேண்டும் மச்சான். இதை மட்டும் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். பரிதாபத்தில் கிளம்பி வந்தாள் என்று இருக்கக் கூடாது. அவளாகத் தோன்றி வரட்டும், நான் காத்திருப்பேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு எல்லா வளமும் பெருகட்டும் என்ற என் வாழ்த்தையும் சொல்லுங்கள். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காலில் நிற்கும் உங்கள் மச்சான்

பின்குறிப்பு: இது மச்சானுக்கு இல்லை, உனக்கு. உன் பெயருக்கு எழுதிய கடிதங்களை நீ பிரிக்காமலே அலமாரிக்கு மேல் போட்டு வைத்திருப்பதாக அவர் சொன்னார். அண்ணன் பெயருக்கு வந்தால் அவருக்கு முன்னால் நீ பிரித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவரைத் தொந்தரவு செய்யாமல் கிளம்பி வா. பரிதாபப்பட்டே வா, பரவாயில்லை. பாதியில் விட்ட சண்டையை இங்கே வந்து போடு. எப்போதும் நீ பேச ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேனே, இந்த மூன்று மாதம் நீ எவ்வளவு பேசினாலும் உட்கார்ந்து கேட்பேன்.