நூற்றெண்பது ராத்தல்

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் கறிச்சோற்றுக்காகப் பௌதிகத்தைத் துணைக்கு அழைக்கலாமா? இந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் அழைத்த பிறகுதான் கேட்டேன்.

நான் விருதுநகரில் விஞ்ஞான வாத்தியார். என் மனைவி ஜெபராணி ஆஸ்பத்திரி நர்ஸ். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். அவள் அதைச் சட்டமாக்கிவிட்டாள். எடை நூற்றெண்பது ராத்தலுக்குக் கீழே இறங்கினால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் அசன விருந்தில் எனக்குக் கறிச்சோறு. இறங்காவிட்டால், ஊரே கறி தின்னும் பந்தியில் தூக்குவாளிக் கஞ்சி. கிலோ வந்த பிறகும் அவள் ராத்தலை விடவில்லை, என்னையும் விடவில்லை. மூன்று வாரம் முருங்கைக்கீரை தின்றும் நூற்றெண்பத்தாறில் நின்றேன்.

அசன நோட்டீஸ் அச்சடிக்கச் சிவகாசிக்குப் போனபோதுதான் புத்தி வேலை செய்தது. அந்த அச்சகத்தில் காகிதக் கட்டுகளை மாடிக்கு ஏற்ற ஒரு லிப்ட் உண்டு. கட்டுகளை நிறுக்கும், கிலோவோடு ராத்தலும் குறித்த ஸ்பிரிங் தராசும் அதற்குள்ளேயே இருந்தது. லிப்ட் கீழ்நோக்கிக் கிளம்பும் கணத்தில் காலடித் தரை நழுவும்; தராசின்மேல் அழுத்தம் குறையும்; முள் இறங்கும். உடம்பிலுள்ள பொருளளவோ ஒரு குன்றிமணிகூடக் குறையாது. தராசு பொய் சொல்லாது. நானும் சொல்லப்போவதில்லை. பிறகு பொய் சொல்வது யார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அச்சான நோட்டீஸை வாங்கப் போகும்போது ஜெபராணியையும் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரித் தராசு பழசு, இது புதுசு என்றேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாடியில் லிப்டுக்குள் தராசின்மேல் ஏறி நின்றேன். எங்கள் இருவரோடும் ஏறிய அச்சக போர்மேன் செல்லப்பாண்டி, என் பழைய மாணவன், பொத்தானை அமுக்கினான். முள் சரிந்தது. நூற்று அறுபத்தெட்டு.

“பாரு, ஜெபராணி.”

“இருங்க. கண்ணாடி போட வேண்டாமா?”

பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். முந்தானையால் ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள்; பிறகு மறுபக்கத்தை. முள் பழையபடி நூற்றெண்பத்தாறுக்கு வந்துவிட்டது.

“சீக்கிரம் பாரேன்.”

“முள்ளு எங்கன ஓடிப்போகுது?”

அவள் கண்ணாடியை மாட்டிக் குனியவும் லிப்ட் தரையைத் தொட்டுக் குலுங்கி நிற்கவும் சரியாக இருந்தது.

“இருநூத்தி நாலு,” என்றாள். “கீரை தின்னா இம்புட்டு ஏறுமா?”

“அது நிஜ எடை இல்லை. இறங்குகிற லிப்ட் நிற்கும்போது கூடுதலாகத்தான் காட்டும்.”

“அப்ப, கிளம்பும்போது?”

நான் வாயை மூடிக்கொண்டேன். செல்லப்பாண்டி மூடவில்லை.

“குறைச்சுக் காட்டும்மா. சார்தான் சொல்லிக் குடுத்தாக.”

திரும்பும்போது, பஸ் ஆமத்தூரைத் தாண்டியதும், அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“இருபத்தாறு வருசமா வீட்டுலதானே டியூசன் எடுக்கீக. அந்தப் பாடம் அடுப்படி வரைக்கும் கேக்குது.”

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் கஞ்சி குடித்தேன். பக்கத்தில் அவளும் கஞ்சியே குடித்தாள். என் மனம் கரைந்துபோயிற்று. எதிர் வரிசையில் செல்லப்பாண்டி உட்கார்ந்திருந்தான், அவள்தான் அழைத்திருந்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் பங்குக் கறியை அவன் இலையில் போடச் சொன்னாள்.

“பாடத்தை மறக்காத பிள்ளை,” என்றாள்.